பதினெட்டு நிமிஷச் சோறு

பருப்புக்குப் பன்னிரண்டு நிமிஷம். அமுக்கியாயிற்று. உள்ளே விளக்கு எரிகிறது, கண்ணாடித் தட்டு சுற்றுகிறது, அதன் மேல் பெரிய கிண்ணமும் கூடச் சுற்றுகிறது. கால் கிண்ணம்தான் நிரப்பியிருக்கிறேன், அதற்கு மேல் ஊற்றினால் நுரைத்துப் பொங்கி உள்ளெல்லாம் வழியும், போன வாரம் வழிந்தது, துடைத்து எடுப்பதற்குள் இடுப்பு விட்டுப் போயிற்று. பாசிப்பருப்பு, ஒரு மணி நேரம் ஊறியது, மஞ்சள் பொடி ஒரு சிட்டிகை, இரண்டு பல் பூண்டு. பருப்பு ஆனதும் பீன்ஸ். பீன்ஸுக்குப் பிறகு ரசம். பிறகு குழம்பு, ஆனால் மீனை அப்போது போடக்கூடாது, மசாலா மட்டும் கொதிக்க வேண்டும், மீன் கடைசி. நடுவில் தாளிப்பு. அப்புறம் சோறு, சோற்றுக்குப் பதினெட்டு நிமிஷம். இந்த மைக்ரோவேவ் ஓவனுக்கு ஒரே வாய். ஒன்று உள்ளே போனால் மற்றதெல்லாம் வெளியே வரிசையில் நிற்க வேண்டும், சின்னப் பிள்ளைகளைக் குளிக்க வார்க்கிற மாதிரி, ஒரு வாளி, ஒரு துண்டு, ஒவ்வொன்றாக வா. வரிசையை எழுதி வைக்கலாமா என்று ராத்திரி படுக்கும்போது நினைத்தேன். எழுதவில்லை. வேண்டுமென்றேதான் எழுதவில்லை. எழுதி வைத்துப் பார்த்துச் செய்தால் அது எனக்கே நான் கொடுக்கிற சாட்சி ஆகிவிடும், ஜெசிந்தா உனக்குத் தலையில் நிற்கவில்லை என்று. தலையில் நிற்கிறது. பருப்பு, பீன்ஸ், ரசம், குழம்பு, தாளிப்பு, சோறு, மீன், அப்பளம். இன்னொரு தரம் சொல்கிறேன். பருப்பு, பீன்ஸ், ரசம், குழம்பு. மணி பத்து நாற்பது. ஜொவிட்டா திருநெல்வேலியிலிருந்து ஒரு மணிக்குள் வந்துவிடுவாள். என் மகள். பள்ளிக்கூடத்தில் அரை நாள் லீவு போட்டுக்கொண்டு வருகிறாள், பையில் ஒரு பாரம் வைத்திருக்கிறாள், முதியோர் இல்லத்தில் சேருகிற விண்ணப்பப் பாரம், அதில் நான் கையெழுத்துப் போட வேண்டும். இன்று சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டுமாம், இல்லையென்றால் அறையை வேறு யாருக்கோ கொடுத்துவிடுவார்களாம். நேற்று போனில், "மத்தியானத்துக்கு நீ ஒண்ணும் பாக்காதம்மா, நான் வாரப்ப பிரியாணி வாங்கிட்டு வாரேன்" என்றாள். "ஒண்ணும் வாங்காத. வெறுங்கையோட வா" என்றேன். "மெஸ்ஸுக்காரம்மாட்ட ரெண்டு சாப்பாடு சொல்லிருக்கியா?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. பொய் சொல்லாமல் இருக்க வேண்டுமானால் சில நேரம் வாயை மூடிக்கொள்ள வேண்டும், அது பாவத்தில் சேராது.

மெஸ்ஸுக்காரம்மா நல்லவள்தான். அவள் கொண்டு வைக்கிற கேரியரைத் திறந்தால் எல்லாவற்றுக்கும் ஒரே வாசனை. சாம்பாரும் ரசமும் கூட்டும் மூன்று அடுக்கில் இருந்தாலும் மூன்றும் அக்கா தங்கச்சி. இருபத்திரண்டு நாளாக அதைத்தான் சாப்பிடுகிறேன் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பன்னிரண்டு நாள்தான் சாப்பிட்டேன். பதின்மூன்றாம் நாள் காலையில் எழுந்து செபம் சொல்லிவிட்டு அடுப்படிக்கு வந்து நின்றேன். அடுப்பு இருந்த இடத்தில் மேடைக் கல் மட்டும் வெளுப்பாக, நீளச் சதுரமாக, சுற்றிலும் முப்பது வருஷத்து எண்ணெய்க் கறுப்பு, நடுவில் அந்த வெள்ளை. படம் கழற்றின சுவர் மாதிரி. என் மகன் டெரன்ஸ் கோயம்புத்தூரிலிருந்து கார் போட்டு வந்து கழற்றினான். சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்தான், அடுப்பைக் கொண்டுபோய் யாருக்கோ தந்தான், இந்த ஓவனைக் கொண்டு வந்து வைத்தான். "யம்மா, இது சூடு பண்ண மட்டும். மெஸ் சாப்பாட்ட உள்ள வை, ரெண்டு நிமிஷம், எடு. வேற ஒண்ணும் செய்யாத, சரியா?" சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி இரண்டு தரம் சொன்னான். சரி என்றேன். என் பாத்திரமெல்லாம் எவர்சில்வர், ஒன்றையும் அதற்குள் வைக்கக் கூடாது. என் வீட்டுக்காரர் கஸ்பார் இருந்த காலத்தில் வாங்கினது, அவுக பேர் வெட்டினது, தங்கச்சி கல்யாணத்துக்கு வந்தது, எல்லாம் அலமாரித் தட்டில் வரிசையாக நின்று என்னையே பார்த்தது. அந்தப் பதின்மூன்றாம் நாள் ஒரு முட்டையை உள்ளே வைத்தேன். வெடித்தது. பக்கத்து வீட்டுக் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது, நான் மூச்சுக் காட்டவில்லை. மஞ்சள் கருவைச் சுரண்டிக்கொண்டே சிரிப்பு வந்தது. எத்தனை நாளைக்கு அப்புறம் தெரியுமா. மறுநாள் ஒரு உருளைக்கிழங்கை முள்கரண்டியால் குத்திவிட்டு வைத்தேன். வெந்தது. அதற்கு மறுநாள் கொஞ்சம் அரிசி. மேலே அரிசி, கீழே கஞ்சி. அதற்கு மறுநாள்

டிங் டிங் டிங். பருப்பு. மூடியைத் திறக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும், இந்த ஆவி அடுப்பு ஆவி மாதிரி இல்லை, பதுங்கி இருந்து பாயும். கரண்டியால் அமுக்கினால் மசிகிறது. மசிகிறது. மாதாவே உமக்குத் தோத்திரம். பீன்ஸ் ஏழு நிமிஷம், ஒரு கை தண்ணீர் தெளித்து. அமுக்கியாயிற்று. தேங்காய் திருகிக்கொள்ளலாம் இதற்குள். மிக்ஸியை விட்டுவிட்டுப் போனான், நல்ல வேளை, மிக்ஸியிலும் கையை விட்டுக்கொள்வேன் என்று அவனுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் அதுவும் போயிருக்கும். பாவம் அவனைச் சொல்லிக் குற்றமில்லை, பயந்துவிட்டான், பயந்த பிள்ளைக்கு எது கையில் கிடைத்தாலும் பிடுங்கத்தான் தோன்றும். ஆனால் என்னை அந்த டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனானே, அதுதான். டாக்டர் சின்னப் பையன், அன்பான பையன், "அம்மா, நூறிலருந்து ஏழு ஏழாக் கழிச்சுட்டே வாங்க" என்றான். தொண்ணூற்று மூன்று என்றேன். எண்பத்தாறு என்றேன். அதற்கப்புறம் நின்றுவிட்டேன். டெரன்ஸ் தலையைக் குனிந்துகொண்டான். கான்வென்ட்டில் எட்டாவது வரை படித்தேன், கணக்கில் என்றைக்கும் முப்பத்தைந்துதான், பதின்மூன்று வயதில் வராத கழித்தல் அறுபத்தெட்டு வயதில் எங்கிருந்து வரும்? ஏழு கிலோ மீனைப் பதினோரு வீட்டுக்குப் பிரிக்கச் சொல்லியிருந்தால் தராசு இல்லாமல் பிரித்துக் காட்டியிருப்பேன். டாக்டர் கடைசியில், வயசுக்கு இது சாதாரணம்தான், பார்த்துக்கொள்ளுங்கள் என்றான். டெரன்ஸ் காதில் பார்த்துக்கொள்ளுங்கள் மட்டும் விழுந்தது. இன்று காலையில் சீரகத்தை எடுக்கப் போய் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அதன் பேர் வரவில்லை. வாசனை தெரிகிறது, எதற்கு என்று தெரிகிறது, பேர் மட்டும் இல்லை. ஒரு மூச்சுதான். வந்துவிட்டது. சீரகம். சீரகம், சோம்பு, வெந்தயம், கடுகு. அப்பாவோடு பிறந்தவர்கள் மிக்கேல், சவரியம்மா, இஞ்ஞாசி, தொம்மை, லூர்து, கத்தரீன். ஒருவர் விடுபட்டாரா? மிக்கேல், சவரியம்மா, இஞ்ஞாசி. ஏழு பேர். தெரேஸ்! கைக்குழந்தையாகவே செத்துப்போன தெரேஸ் அத்தை, அவளை யார் நினைக்கிறார்கள், நான்தான் நினைக்கிறேன்.

தேங்காய், சின்ன வெங்காயம், வத்தல், மல்லி, சீரகம். மிக்ஸி கத்துகிறது. இந்தச் சத்தத்தில் என்ன வேண்டுமானாலும் நினைக்கலாம், மனசுக்குள் நானே கேட்காத மாதிரி நினைக்கலாம். அன்றைக்கு நடந்தது. மிக்ஸி ஓடும்போது நினைக்கிறேன். அன்றைக்கும் வியாழக்கிழமை, அன்றைக்கும் மீன் குழம்பு. கொதி வந்ததும் தீயைக் குறைத்து வைத்துவிட்டு, சாமி படத்துக்கு முன்னால் செபமாலையோடு உட்கார்ந்தேன். இது இன்று நேற்றுப் பழக்கம் இல்லை. எங்கள் அம்மாவும் இப்படித்தான், எங்கள் தெருவில் எல்லாப் பெண்களும் இப்படித்தான். கடிகாரம் பார்த்தா சமைத்தோம்? செபமாலையில் பத்து மணி உருட்ட மூன்று நிமிஷம், அது ஒரு பத்து. ஐந்து பத்தும் சேர்த்து ஒரு செபமாலை, பதினைந்து நிமிஷம், கொஞ்சம் கூட. மீன் குழம்புக்கு ஒரு செபமாலை. முட்டை அவிய மூன்று பத்து. இட்லிக்கு மூன்று பத்தும் ஒரு கிருபை தயாபத்து மந்திரமும். குழம்பு கொதிக்கிற அளவும் செபம், செபம் முடிகிற அளவும் குழம்பு, எதற்கு எது அளவு என்றே பிரிக்க முடியாது. பிள்ளைகள் அந்த இல்லத்தைப் பற்றிச் சொல்லும்போது முதலில் சொன்னதே, "அங்க உள்ளயே கோயில் இருக்கும்மா. தினமும் பூசை. நீ நாள் பூரா செபம் சொல்லலாம், சமைக்கிற வேலையே கிடையாது." எனக்குச் சீனி மிட்டாய் காட்டுகிறார்கள். அடுப்பில் ஒன்றும் இல்லாமல் சொல்கிற செபம் எனக்கு வருமா என்று யாரும் கேட்கவில்லை. ஒரு வாரம் சொல்லிப் பார்த்தேன், மெஸ் சாப்பாட்டு நாட்களில். மணி உருள்கிறது, வாய் முணுமுணுக்கிறது, ஒன்றும் வேகவில்லை. மூக்கு எதையோ தேடுகிறது. அன்றைக்கு, ஆமாம், அன்றைக்கு மூன்றாவது பத்தில் இருக்கும்போது அடுப்படியில்

டிங் டிங் டிங். சரி, சரி, வருகிறேன். பீன்ஸ் பச்சை மாறாமல் வெந்திருக்கிறது, அடுப்பில் கூட இந்தப் பச்சை நிற்காது, உள்ளதைச் சொல்ல வேண்டும். தக்காளியும் புளித்தண்ணீரும் உள்ளே, ரசத்துக்கு. ஒன்பது நிமிஷம். மிளகும் பூண்டும் இடிக்க வேண்டும். ரசம் ஆனதும் குழம்பு மசாலா, எட்டு. ரசமும் ஆயிற்று, மசாலாவும் கொதித்தாயிற்று, மணி பதினொன்றரை ஆகப் போகிறது, நேரத்துக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறேன், இப்போது தாளிப்பு உள்ளே. தாளிப்புதான் எனக்குக் கடைசியாகப் பிடிபட்டது. தீ இல்லாமல் கடுகு வெடிக்குமா? சின்னப் பீங்கான் கிண்ணத்தில் எண்ணெயும் கடுகும், மேலே ஒரு தட்டு, இரண்டரை நிமிஷம். முதல் நாள் எண்ணெய் சும்மா கிடந்தது, பார்த்துக்கொண்டே நின்றேன், திடீரென்று உள்ளே படபடவென்று மழை. கதவைத் திறந்து கறிவேப்பிலையைப் போட்டதும் அந்த வாசனை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இப்போதும் வருகிறது, வீடெல்லாம் போகிறது, ஜன்னலைச் சாத்தியிருக்க வேண்டும், சாத்த மறந்து... இல்லை, மறக்கவில்லை, சாத்தவில்லை, ஏன் சாத்த வேண்டும், நான் என்ன திருட்டா செய்கிறேன். இதோ, காலிங் பெல். ஜொவிட்டாவா, இத்தனை சீக்கிரமா? இல்லை, கீழ் வீட்டுப் பேச்சியக்கா. முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். அன்றைக்கும் இவள்தான் ஓடி வந்தாள்.

"ஏ ஜெசிந்தா, தாளிக்கிற வாசன கீழ வரைக்கும் வருதே. அடுப்பு வாங்கிட்டியா?"

"இல்லக்கா."

"பொய் சொல்லாத தாயி. மெஸ்ஸுக்காரி உன் வீட்டுக்குள்ள வந்தா தாளிக்கா? உன் மவன் எங்கிட்ட நம்பர் குடுத்துட்டுப் போயிருக்கு, ஏதாவது வாசன வந்தா ஒடனே போன் போடுங்க பெரியம்மான்னு."

"அது கேஸ் வாசனைக்குக்கா. கறிவேப்பிலை வாசனைக்கு இல்ல. உள்ள வந்து பாரு."

வந்தாள். வெளுத்த கல்லைப் பார்த்தாள், அதன் மேல் வரிசையாக மூடி வைத்த கிண்ணங்களைப் பார்த்தாள், குனிந்து கல்லுக்கு அடியில் எட்டிப் பார்த்தாள், சிலிண்டரை நான் ஒளித்து வைத்திருப்பேன் என்று. பிறகு ஓவன் கண்ணாடியில் மூக்கு படுகிற மாதிரி நின்றாள்.

"இதுலயா? தீ எங்க?"

"தீ இல்லக்கா."

"தீ இல்லாம எப்படி வேகும்? அது செத்த சாப்பாடுல்லா?"

பருப்பில் ஒரு கரண்டி எடுத்துத் தாளிப்பை அதன் தலையில் விட்டு அவள் கையில் ஊற்றினேன். நக்கினாள். மறுபடி நக்கினாள். "உப்பு ஒரு கல்லு கூட," என்றாள். எதையும் நல்லாருக்கு என்று சொல்லிப் பழக்கமில்லாத பெண், உப்பு கூட என்றாலே பாராட்டு. "சரி, நான் ஒண்ணும் மோந்து பாக்கல. எனக்குச் சளி" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள், பாதிப் படியில் நின்று, "எனக்கும் ஒண்ணு வாங்கித் தரச் சொல்லுதேன் எம் மவன. கரண்ட்டு ரொம்ப இழுக்குமோ?" என்றாள். பதில் சொல்ல நேரமில்லை. மணி பதினொன்று ஐம்பது. அரை மணி நேரம் ஊறின அரிசி, ஒன்றுக்கு இரண்டு தண்ணீர், ஒரு சொட்டு எண்ணெய், மூடியை லேசாக ஒருக்களித்து. பதினெட்டு நிமிஷம். அமுக்கியாயிற்று.

இந்தப் பதினெட்டில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. இதற்கு ஒரு செபமாலையும் கொஞ்சமும். ஓவன்தான் தானாக நின்றுவிடுமே, செபம் அளவாக இருக்க வேண்டியதில்லை, இருந்தாலும் கை தேடுகிறது. ஓவனுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன், முழங்கால் இப்போது போட முடிவதில்லை, அடுப்படிக்கும் சாமி படத்துக்கும் நடுவில், இரண்டும் கண்ணில் படுகிற மாதிரி. வியாழக்கிழமை செபமாலையில் தியானிக்கப் புதிதாக வேறு தேவ இரகசியம் வைத்திருக்கிறார்கள், நான் பழையபடி சந்தோஷ இரகசியம்தான், மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள். முதல் பத்து. டெரன்ஸுக்காக. கோபம் குறைய. இரண்டாவது பத்து, அவன் பிள்ளைகளுக்காக. கண்ணாடியில் எண் குறைந்துகொண்டே வருகிறது, பதினைந்து, பதினான்கு, எனக்கு ஏழு ஏழாகத்தான் வராது, ஒன்று ஒன்றாக நன்றாகவே வரும். மூன்றாவது பத்து கஸ்பாருக்காக, அவுக ஆத்துமத்துக்காக, மீன் முள்ளை எடுத்துத் தட்டு ஓரத்தில் அழகாக அடுக்கி வைப்பார்கள், கப்பல் சாமான் அடுக்குகிற மாதிரி. நான்காவது பத்து. ஒன்று. இரண்டு. சோறு முணுமுணுக்கத் தொடங்கிவிட்டது, மூடிக்கு அடியில் நுரை எட்டிப் பார்த்துவிட்டு இறங்குகிறது. மூன்று. நான்கு. ஐந்து. ஆறு. ஏழு

இருட்டு. உள்ளே விளக்கு இல்லை. தட்டு நின்றுவிட்டது. மின்விசிறி தளர்ந்து தளர்ந்து நிற்கிறது. கரண்ட் போய்விட்டது. ஆண்டவரே. எழுந்து போய் சுவிட்சைத் தட்டிப் பார்த்தேன், ஜன்னல் வழியே பார்த்தேன், எதிர் வீட்டிலும் இல்லை, தெருவில் யாரோ, "போச்சா? இங்கயும் இல்ல" என்கிறார்கள். பராமரிப்பு என்று மாதம் ஒரு தரம் நிறுத்துவார்களே, அது இன்றைக்கா? அப்படியானால் சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் வரும். இன்றைக்கா? எல்லாவற்றையும் நினைவு வைத்தேன், இதைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. ஜொவிட்டா வருவாள், பாதி வெந்த அரிசியைப் பார்ப்பாள், பச்சை மீனைப் பார்ப்பாள், ஒன்றும் சொல்ல மாட்டாள், அதுதான் பயம், ஒன்றும் சொல்லாமல் அண்ணனுக்குப் போன் போட்டுவிட்டுப் பையிலிருந்து அந்தப் பாரத்தை எடுப்பாள். நானும் போட்டுவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும். யாராவது இரக்கமாகப் பார்த்தால் நான் எதிலும் கையெழுத்துப் போட்டுவிடுவேன். வீடு இத்தனை நிசப்தம். டிங் டிங் என்று கூப்பிட எதுவும் இல்லை. மிக்ஸி இல்லை. பேச்சியக்கா இல்லை. சரி. இப்போது நினைத்துத்தான் ஆக வேண்டும்.

அன்றைக்கு நான் மறக்கவில்லை. மூன்றாவது பத்தில் இருக்கும்போது அடுப்படியில் உஸ்ஸென்று சத்தம் கேட்டது. குழம்பு பொங்கி வழிந்து தீயில் விழுகிற சத்தம். ஐம்பது வருஷமாக எனக்கு அந்தச் சத்தம் தெரியும். கேட்டது. தெளிவாகக் கேட்டது. அப்புறம் உஸ் நின்றது, தீ அணைந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம், கேஸ் போய்க்கொண்டிருக்கிறது என்று அதற்கு அர்த்தம், அதுவும் எனக்குத் தெரியும். நான் எழுந்திருக்கவில்லை. அன்று காலையில் டெரன்ஸ் போனில் வாய் தவறிச் சொல்லிவிட்டான், ஜொவிட்டாவுக்கு மார்பில் ஒரு கட்டி, சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், இன்று முடிவு, உன்னிடம் சொல்லக் கூடாது என்று சொன்னாள், கேட்டுவிடாதே என்று. அந்த மூன்றாவது பத்தை அவளுக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவில் விட்டு எழுந்தால், அந்த மணியை விரலிலிருந்து விட்டுவிட்டால், அது கேட்கப்படாமல் போய்விடும் என்று ஒரு எண்ணம். மடத்தனம். இப்போது சொன்னால் மடத்தனம்தான், எந்தச் சாமியாரிடம் கேட்டாலும் போய் அடுப்பை அணைத்துவிட்டு வா அம்மா என்பார். ஆனால் அந்த நேரம் என் விரலுக்கும் அவளுக்கும் நடுவில் அந்த ஒரு மணிதான் இருந்தது. இன்னும் ஏழு, இன்னும் ஆறு, முடித்துவிட்டுப் போகிறேன் மாதாவே என்று ஓடி ஓடிச் சொன்னேன். அதற்குள் பேச்சியக்கா கதவை இடித்துவிட்டாள். சாயங்காலம் ஜொவிட்டாவுக்கு ஒன்றுமில்லை என்று வந்தது. அம்மா மறந்துட்டா என்று டெரன்ஸ் சொன்னபோது நான் தலையாட்டினேன். மறந்தேன் என்பது லேசாக இருந்தது. கேட்டும் எழுந்திருக்கவில்லை என்று எப்படிச் சொல்வது, அதுவும் எதற்காக என்று எப்படிச் சொல்வது. அந்த ஒரு தலையாட்டலுக்கு என் அடுப்பைக் கொடுத்தேன். போகட்டும். இப்போது வீட்டையும் கேட்கிறார்கள். அந்தத் தலையாட்டலுக்கு அவ்வளவு விலை இல்லை.

பளிச்சென்று விளக்கு. வந்துவிட்டது. பன்னிரண்டு இருபத்தைந்து. ஓவன் கண்ணாடியில் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம், விட்டு விட்டு மின்னுகிறது. ஒன்றுமே தெரியாத மாதிரி விழிக்கிறது. எத்தனை நிமிஷம் வெந்தது, எத்தனை பாக்கி, எதை வைத்தோம், ஒன்றும் அதற்கு நினைவில்லை. அடேயப்பா, இத்தனை பெரிய மெஷினே, உனக்கும்தானா? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் விரல் இன்னும் ஏழாவது மணியில்தான் இருக்கிறது, இந்த நேரம் பூரா அதை விடவில்லை. மூன்று பத்து முடிந்தால் ஒன்பது நிமிஷம். நான்காவதில் ஏழு மணி, அது இரண்டு. பதினொன்று வெந்திருக்கிறது, ஏழு பாக்கி. ஆனால் மூடியைத் திறக்காமல் இருந்ததால் சூட்டிலேயே கொஞ்சம் புழுங்கியிருக்கும், ஏழு வைத்தால் குழைந்துவிடும். ஐந்து. ஐந்துதான். டாக்டர் தம்பி, பதினெட்டிலிருந்து பதினொன்றைக் கழித்தேன், அதற்கு மேல் இரண்டையும் கழித்தேன், உன் மெஷினைக் கேட்காமல். அமுக்கியாயிற்று. மிச்ச மூன்று மணியை நின்றுகொண்டே சொன்னேன். திறந்தேன். சோறு ஒவ்வொன்றும் தனித்தனியாக நிமிர்ந்து நிற்கிறது. மீனைக் குழம்பில் இறக்கினேன், நான்கு நிமிஷம், பாறை மீன் துண்டு, அதற்கு மேல் ஒரு நொடி வைத்தாலும் ரப்பர். அது சுற்றி முடிகிற நேரம் பெல் அடித்தது.

வியர்த்து வந்தாள் என் மகள். ஒரு சுற்று இளைத்திருக்கிறாள். செருப்பைக் கழற்றும்போதே மூக்கை உயர்த்தினாள்.

"யம்மா, இது என்ன வாசன? யாரு சமைச்சா?"

"கையக் கழுவிட்டு உட்காரு."

"பேச்சி பெரியம்மா வீட்ல போய்ச் சமைச்சியா? அண்ணன் கேட்டா கொன்னுருவான்."

"அவ வீட்டுக்குப் போகல. உட்காரு பிள்ள."

உட்கார்ந்தாள், பையிலிருந்து அந்தப் பாரத்தை எடுத்து மேஜை நடுவில் வைத்தாள், அதன் மேல் பேனாவை வைத்தாள். சின்ன வயதில் ரேங்க் கார்டை இப்படித்தான் வைப்பாள், என் முகத்தைப் பார்க்காமல். நான் கிண்ணங்களை ஒவ்வொன்றாகக் கொண்டு வந்தேன். சோறு. பருப்பு. பீன்ஸ். ரசம். குழம்பைத் திறந்ததும் அவள் எழுந்து அடுப்படிக்கு ஓடினாள். கல்லுக்கு அடியில் பார்த்தாள், பின்பக்க பால்கனியில் பார்த்தாள். திரும்பி வந்து நின்றாள்.

"எல்லாமே அந்த ஓவன்லயா?"

"அப்பளமும். இனிமேதான் வைக்கணும், முக்கால் நிமிஷம். தட்டு வைக்க இடமில்ல, அந்தப் பேப்பர எடு."

எடுக்கலாமா வேண்டாமா என்று ஒரு கணம் பார்த்தாள். எடுத்துப் பையில் செருகினாள். பிசைந்தாள். ஒரு வாய், இரண்டு வாய், மூன்றாவது வாயில் கண்ணை மூடிக்கொண்டாள். நான் அப்பளத்தை எடுத்து வைத்தேன். மீன் துண்டை எடுத்து வைத்தேன். மீனைப் பிய்த்துச் சாப்பிட்டாள். பாதியில் நிறுத்தி, நான் பயந்த அந்த இரக்கமான பார்வையைப் பார்த்தாள்.

"யம்மா, நல்லாருக்கு. ரொம்ப நல்லாருக்கு. ஆனா சமையல் மட்டும் இல்லல்லா பிரச்சன. நீ தனியா இருக்க. இன்னிக்கு ஞாபகம் இருக்கும், நாளைக்கு வேற எதையாவது மறந்துட்டன்னா?"

"நான் மறக்கல."

"சரிம்மா, ஆனா..."

"ஜொவிட்டா. கேளு. அன்னிக்குப் பொங்குன சத்தம் எனக்குக் கேட்டுச்சு. தீ அணைஞ்சதும் தெரிஞ்சுச்சு. செபம் சொல்லிட்டு இருந்தேன், நடுவுல விட்டுட்டு எந்திரிக்க மனசு வரல. முடிச்சிட்டுப் போவோம்னு இருந்துட்டேன். இதுதான் நடந்தது."

கை தட்டிலேயே நின்றது. முகம் சிவந்துவிட்டது.

"தெரிஞ்சுமா? தெரிஞ்சுமா உட்கார்ந்திருந்த? யம்மா, இது மறதிய விட மோசம்மா! வீடே வெடிச்சிருக்கும். கீழ பேச்சி பெரியம்மா, மேல அந்தக் கைக்குழந்த..."

"ஆமா. மோசந்தான். சாமியார்ட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லிட்டேன். பேச்சியக்காட்டயும் மன்னிப்புக் கேப்பேன். கேஸ் அடுப்பு எனக்கு வேண்டாம், எனக்கும் அதுக்கும் இனி சரிப்படாது, டெரன்ஸ் கொண்டு போனது போனதுதான். ஆனா செஞ்ச தப்ப நான் செஞ்ச தப்புன்னு சொல்லுங்க. வயசு செஞ்சுச்சுன்னு சொல்லாதீங்க. தப்புக்குத் திருந்தலாம். வயசுக்கு என்ன செய்ய முடியும், இல்லத்துலதான் கொண்டு போடணும்."

"அப்படி என்ன செபம்? எந்திரிக்க முடியாத செபம்?"

அவள் கழுத்துக்குக் கீழே பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அவளாகச் சொல்கிற அன்றைக்குச் சொல்லட்டும். "அது எனக்கும் மாதாவுக்கும்" என்றேன். "குழம்பு ஊத்தவா?"

கோபத்தோடேயே தட்டை நீட்டினாள். ஊற்றினேன். கோபத்தோடேயே சாப்பிட்டாள். முள்ளை எடுத்துத் தட்டு ஓரத்தில் வைத்தாள். கடைசி மீன் துண்டு யாருக்கு என்று நான் கேட்கவில்லை, அவள் இலேசாகக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். எனக்கு வைத்த சோற்றையும் பாதி அவளே எடுத்துக்கொண்டாள். நான் எதிரே உட்கார்ந்து என் பங்கைச் சாப்பிட்டேன், பரிமாறி முடித்துவிட்டுத் தனியாக அல்ல, கூடவே. இருபத்திரண்டு நாளுக்கப்புறம் ஒரு முழுச் சாப்பாடு, நாக்கு மறுபடி என் நாக்காக இருந்தது. பேச்சியக்கா சொன்னது சரி, பருப்பில் ஒரு கல் உப்பு கூட.

போன் அடித்தது. மேஜையிலேயே கிர்ரென்று ஊர்ந்தது. டெரன்ஸ். ஜொவிட்டா எச்சில் கையைத் தூக்கிக்கொண்டு அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அண்ணந்தான். கையெழுத்தாச்சான்னு கேப்பான். நான் என்ன சொல்ல?"

நான் எழுந்தேன். பாயசத்துக்குச் சேமியாவும் பாலும் கண்ணாடிக் கிண்ணத்தில் தயாராக இருந்தன, கால் பங்குக்கு மேல் இல்லாமல். உள்ளே வைத்தேன், கதவைச் சாத்தினேன். ஆறு நிமிஷம்.

"அம்மா சமையல்ல இருக்கா, அப்புறம் பேசுவான்னு சொல்லு."